திருப்பிப் போடாத நாலு அரிசி

அந்தப் பேராசிரியரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. ஹம்பேர்க்கில் மாதத்தில் ஒருமுறை எங்களுக்குத் தமிழ்ப் பூசை நடக்கும். பரலோக மந்திரத்தில் பிறர் குற்றத்தைப் பொறுக்கிற அந்த வரி வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். பக்கத்தில் நிற்கும் என் கணவர் முழங்கையால் இடிப்பார். இடிக்கட்டும். கடவுளுக்கு முன்னால் பொய் சொல்லக்கூடாது என்றுதான் எனக்குப் படிப்பித்திருக்கிறார்கள்.

பாவசங்கீர்த்தனத்திலும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"மன்னிச்சு விடுங்கோ பிள்ளை. மனம் லேசாகும்," என்றார் பூசை வைக்கிற சுவாமி.

"ஏலாது சுவாமி. லேசாக வேண்டாம். பாரமாயே கிடக்கட்டும்."

சுவாமி பெருமூச்சு விட்டு, மூன்று செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது.

நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியர்கள் பலர் நைஜீரியாவுக்குப் போனார்கள். நானும் போனேன். கணவர் ஊரில் நின்றார். வடக்கே, ஹவுசா மொழி பேசும் ஒரு சிறு நகரத்தில், பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். பாடசாலை விட்டால் அறைக்குள் கிடந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல் சந்தைக்குப் போய்விடுவேன். எனக்கு ஹவுசா வந்தது அங்கேதான். யார் எந்த இடத்தில் இருந்து விற்கிறாள், எந்தத் தானியம் எப்போது வருகிறது, சண்டை வந்தால் யார் தீர்த்துவைக்கிறாள் என்று கண்டதையெல்லாம் கொப்பியில் எழுதினேன். ஒரு நோக்கமும் இல்லை. எழுதாமல் இருந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். ஐந்து கொப்பி நிறைந்தது.

அங்கே வேலை முடிந்தபோது ஊரில் சண்டை முற்றிவிட்டது. திரும்பிப் போக வழியில்லை. சுற்றிச் சுழன்று நானும் கணவரும் ஜேர்மனியில் அகதிகளாக ஒன்றுசேர்ந்தோம். என் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே அந்த ஐந்து கொப்பிகளும் வந்தன. என் பட்டப் படிப்புச் சான்றிதழும் வந்தது. அதை வேலைவாய்ப்புக் கந்தோரில் காட்டியபோது, இது இங்கே செல்லாது என்று ஒரு பெண் சிரித்த முகத்தோடு திருப்பித் தந்தாள். கணவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். எனக்குப் பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை கிடைத்தது.

தொண்ணூறுகள் தொடங்கியிருந்த காலம். நான் துடைத்த கட்டிடத்தின் மேல்மாடியில் ஆபிரிக்க ஆய்வுத் துறை இருந்தது. ஒரு பின்னேரம் நடைபாதையைத் துடைத்துக்கொண்டு போகிறேன், ஒரு அறைக்குள் ரேப் றெக்கோடர் ஓடுகிறது. ஹவுசாவில் ஒரு சந்தைக்காரியின் குரல். எத்தனை வருடத்துக்குப் பிறகு! துடைக்கிற தடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். கேள்வி கேட்கிற ஆண்குரல் தானியம் அளக்கும் முறையைப் பற்றி மிகவும் மரியாதையாக ஏதோ கேட்கிறது. அதற்கு அவள் பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்கிறாள்: "இவனைப் பெத்தவள் இவனுக்குச் சோறு போடேல்லையோ? விடிஞ்சதிலை இருந்து என்ரை கோப்பையையே பாத்துக்கொண்டு நிக்கிறான், அறுவான்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பேராசிரியர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவர் பேசியது ஜேர்மன். ஆனால் எனக்குள் எல்லாம் எங்கள் தமிழிலேயே பதிந்து கிடக்கிறது. அப்படியே சொல்கிறேன்.

"உங்களுக்கு இது விளங்குதோ?"

"ஓம்."

"என்ன சொல்லுறா?"

"நீங்கள் பசியோடை நிக்கிறியளோ எண்டு யோசிக்கிறா," என்றேன்.

மனிதர் முகம் மலர்ந்து, குறிப்புப் புத்தகத்தில் 'விருந்தோம்பல்' என்று எழுதிக்கொண்டார். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு பேராசிரியர் என்னோடு நின்று கதைக்கிறார் என்ற சந்தோசத்தில் கொப்பிகளைப் பற்றியும் உளறிவிட்டேன்.

அடுத்த மாதமே துடைக்கிற வேலை போய், அவருடைய துறையில் உதவியாளர் வேலை வந்தது. தமிழில் இருந்த ஐந்து கொப்பிகளையும் நான் ஜேர்மனில் மாற்றி, ஒரு செய்திக்கு ஒரு அட்டை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் அந்தச் சந்தைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் அங்கே நின்றது மூன்று கிழமை. நான் நின்றது ஆறு வருடம்.

"முதல் பக்கத்திலை என்ரை பெயருக்குக் கீழை உங்கடை பெயர் வரும்," என்று கோப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னார். "அப்பிடிப் பெயர் வந்த ஆளை முனைவர் படிப்புக்கு எடுக்க நான் ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை."

முதல் பக்கத்தில் என் பெயர். கந்தோர்ப் பெண்ணின் சிரித்த முகத்துக்கு முன்னால் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடுவதாக நான் எத்தனை தரம் நினைத்திருப்பேன்! எஸ்-பான் ரயிலில் வேலைக்குப் போகும்போதெல்லாம் இதுதான் நினைப்பு. அந்தப் பெயருக்காகத்தான் இரண்டரை வருடம் மாடு மாதிரி உழைத்தேன்.

"எழுத்திலை வாங்கினீரோ?" என்று கணவர் கேட்டார். "இந்த நாட்டிலை குப்பை வாளி வைக்கவும் எழுத்திலை தாறாங்கள்."

"பேராசிரியர் வாயாலை சொன்னது காணாதோ?"

"எனக்குத் தெரியாதப்பா. நான் கோப்பை கழுவுறவன்," என்றார். அந்தக் கோப்பை கழுவுகிறவருக்கு இருந்த புத்தி கணிதம் படித்தவளுக்கு இருக்கவில்லை.

இனி அந்த ஒரு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் அரிசியை யாரிடமிருந்து அளந்து வாங்கினாலும், பையைக் கட்டுவதற்கு முன் நாலு அரிசிமணி எடுத்து, அதைக் கொடுத்தவரின் பானைக்குள் திருப்பிப் போடுவோம். கொடுத்தவர் வீடு வெறுமையாகக் கூடாது என்பது அம்மாவின் கணக்கு. நைஜீரியாவில் நான் முதன்முதல் தானியம் வாங்கிய நாளிலும் கை தன்பாட்டில் அதைச் செய்துவிட்டது. எனாமல் கோப்பையால் அளந்து தந்த சந்தைக்காரி, ஏதோ குறை கண்டு திருப்பித் தருகிறேனாக்கும் என்று முறைத்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹவுசாவில் விளங்கப்படுத்தினேன். அவள் சிரித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு! அதற்குப் பிறகு நான் மறந்துபோனாலும் அவள் விடமாட்டாள். "ஏய், என்ரை நாலு மணி எங்கை?" என்று சேலையைப் பிடித்து இழுப்பாள். கொஞ்சக் காலத்தில் அந்த வரிசையில் இருந்த மற்றப் பெண்களும் எல்லோரிடமும் நாலு மணி கேட்கத் தொடங்கினார்கள். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதம் அது. கொப்பியில் அப்படியே எழுதியிருந்தேன். அட்டையிலும் அப்படியே எழுதினேன்: 'எங்கள் அம்மா செய்வதுபோல நான் நாலு மணி எடுத்து அவளுடைய குவியலில் திருப்பிப் போட்டேன். அவள் சிரித்தாள்.'

பேராசிரியர் என் அட்டைகளைச் சிவப்புப் பென்சிலோடுதான் படிப்பார்.

"ஆராய்ச்சியிலை 'நான்' எண்டு ஒருத்தரும் இருக்கக்கூடாது. சொந்தக் கதை வேண்டாம்," என்று சொல்லி, அந்த அட்டையில் அம்மாவை வெட்டினார். என்னையும் வெட்டினார். சிரிப்பையும் வெட்டினார். 'வாங்குபவள் நாலு மணி எடுத்து விற்பவளின் குவியலில் திருப்பிப் போடுவாள்' என்று மேலே எழுதினார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஆயிரத்துக்கு மேற்பட்ட அட்டைகளில் அதுவும் ஒன்று. பெரிய படிப்புப் படித்தவர், அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் ஏற்றி முடிந்ததும், அட்டைகளைக் குப்பையில் போடச் சொன்னார். என் கையெழுத்தைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

புத்தகம் அச்சுக்குப் போனது. பக்கங்கள் கோர்த்த அச்சுப்படி வந்ததும் கட்டாக என் மேசையில் வைத்து, "சொல்லடைவை நீங்கள் செய்யுங்கோ, பத்து நாளிலை வேணும்," என்றார். புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகரவரிசையில் இருக்குமே, அதுதான் சொல்லடைவு. எழுதினவர்கள் அதில் கை வைக்கமாட்டார்கள். அது உதவியாளர் வேலை.

நான் முதலில் முதல் பக்கத்தைப் பார்த்தேன். அவருடைய பெயர். அதற்குக் கீழே பதிப்பகத்தின் பெயர்.

சரி, முன்னுரையில் இருக்கும் என்று புரட்டினேன். நன்றி சொல்ல மட்டும் இரண்டு பக்கம். நிதி தந்தவர்கள், காசே தராத அமைச்சு, மூன்று நாட்டுப் பேராசிரியர்கள், மனைவி, மனைவியின் பொறுமை, கோடையில் தங்கிய வீட்டுக்காரர். ஊரார் வீட்டு நெய்யே என்று வாரி ஊற்றியிருந்தார். கடைசி வரியில், 'அலுவலகத்தின் அயராத கைகளுக்கும் நன்றி'.

கை! ஐந்து கொப்பியும் இரண்டரை வருடமும் கடைசியில் ஒரு கை!

நேரே அவருடைய அறைக்குப் போனேன்.

"என்ரை பெயர் எங்கை?"

"பதிப்பகம் ஒரு பெயர்தான் போடலாம் எண்டிட்டுது. என்ன செய்யிறது, அடுத்த புத்தகத்திலை பாப்பம்," என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அச்சுப்படியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்படியே கிழித்து எறிந்திருக்கலாம். ஆனால் எடுத்த வேலையை அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. பிரதான ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் ஆட்களின் கடையில் வெறும் மாம்பழப் பெட்டிகளை வாங்கிவந்து, எழுத்துக்கு ஒரு பெட்டி வைத்து, துண்டுத்தாளில் சொல்லையும் பக்கத்தையும் எழுதிப் போட்டுக்கொண்டு போனேன். நாலாவது அத்தியாயம் வந்தது. தலைப்பு: 'திரும்பும் தானியம்'.

இருபத்தெட்டுப் பக்கம் என்னுடைய நாலு மணியைப் பற்றி! பழங்காலத்தில் நிலத்துக்குக் கொடுத்த பலியின் மிச்சமாம். சமயம் மாறியும் பெண்களின் கை மறக்காத சடங்காம். மற்ற ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கத் தவறியதை இந்த ஆசிரியர் நேரில் அவதானித்திருக்கிறாராம். முழுப் புத்தகமும் அந்த அத்தியாயத்தின் தலையில்தான் நின்றது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சந்தைக்காரியின் முகம் நினைவுக்கு வந்தது. என்னோடு பகிடி விட்டவளைப் பிடித்துப் பலி கொடுக்கிறவளாக்கிவிட்டான். அப்போதுதான் என் கோபம் முறுகிக் கட்டியானது.

"என்னப்பா, விசர் பிடிச்ச ஆள் மாதிரி தனிய இருந்து சிரிக்கிறீர்?" என்று கணவர் கேட்டார்.

விசயத்தைச் சொன்னேன்.

"அப்ப போய்ச் சொல்லுமன், பிழையெண்டு. இன்னும் அச்சடிக்கேல்லைத்தானே?"

"சொல்லமாட்டன்."

"ஏன்?"

"கைக்கு வாய் இல்லை," என்றேன்.

அந்தத் துறையில் கூட்டித் துடைத்த காலத்திலிருந்தே நான் கவனித்த ஒன்று உண்டு. புதுப் புத்தகம் வந்தால் இந்தப் படித்த மனிதர்கள் ஒருவரும் முதல் பக்கத்திலிருந்து திறப்பதில்லை. பின்னாலிருந்து திறப்பார்கள். சொல்லடைவில் தங்கள் பெயர் இருக்கிறதா, எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று விரலால் தேடுவார்கள். இருந்தால் முகத்தில் ஒரு வெளிச்சம். இல்லாவிட்டால் புத்தகத்தை டக்கென்று மூடிவிடுவார்கள். சொல்லடைவைப் பார்க்கத் தேவையில்லாத ஆள் அந்தப் புத்தகத்தை எழுதினவர் மட்டும்தான்.

ஆகவே மிகத் திறமான ஒரு சொல்லடைவு செய்தேன். ஒரு பக்க எண் பிழையில்லை. அதில் ஒரேயொரு வரி மட்டும் நானாகச் சேர்த்தது: 'யாழ்ப்பாணம், தானியம் திருப்பிப் போடும் வழக்கம்'. அதற்கு நேரே நாலாவது அத்தியாயத்தின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். அந்த இருபத்தெட்டுப் பக்கத்தில் யாழ்ப்பாணம் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. பேராசிரியர் என் தாள்களைத் தட்டிப் பார்த்தார். "அருமை," என்று சொல்லி ஒப்பமிட்டு அனுப்பினார்.

புத்தகம் வந்தது. விழா வைத்தார்கள். நாலாவது அத்தியாயத்தை வாசித்துக் காட்டினார், கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அயராத கையல்லவா!

பிறகு நான் காத்திருந்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமி எனக்கு வேண்டாம், ஒருவர் அந்த வரியைப் படித்தால் போதும் என்றிருந்தது. ஏழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. சனியன், இவர்கள் தங்கள் பெயரைத் தவிர வேறு எதையும் படிக்கமாட்டார்களாக்கும் என்று மனம் சலித்துப்போன நேரத்தில்தான் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. வேறொரு நகரத்தில் இருந்த வயதான பெண் பேராசிரியர் ஒருவர், ஒரு ஆய்விதழுக்காக அந்தப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிறவர், கேட்டிருந்தார்: யாழ்ப்பாணம் இலங்கையில் அல்லவா இருக்கிறது, அது இந்த அத்தியாயத்துக்குள் எப்படி வந்தது?

"இது என்ன?" சொல்லடைவில் அந்த வரியை விரலால் தட்டினார்.

"சரியான முகவரி," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, நாலு மணி, சந்தைக்காரியின் சிரிப்பு. அவருடைய முகத்தில் இரத்தம் இறங்கிக்கொண்டு போனதை நிதானமாகப் பார்த்தேன். உச்சி குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன்.

"இதை ஏன் முந்தியே சொல்லேல்லை?"

"சொன்னனான். எழுதியே தந்தனான். நீங்கள்தான் வெட்டினீங்கள்."

"அப்பிடி ஒரு அட்டையும் எனக்கு ஞாபகமில்லை," என்றார். அட்டைகள் குப்பைக்குப் போய்விட்டன என்ற தைரியம். பூனை கண்ணை மூடினால் உலகம் இருட்டாகிவிடுமா?

இரண்டு கிழமையில் அவர் பதில் அடி அடித்தார். மிச்சமிருந்த ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் பதிப்பகம் ஒரு சிறு திருத்தத்தாள் வைத்தது. நாலாவது அத்தியாயத்திலுள்ள செய்தி, உதவியாளராக இருந்த இன்ன பெண்மணி தந்த தவறான தகவலால் ஏற்பட்டது, ஆசிரியர் வருந்துகிறார் என்று போட்டிருந்தது. என் முழுப் பெயர். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

ஐயோ கடவுளே, அந்தத் தாளைப் பிடித்தபடி நான் இருந்த இருப்பு! இரண்டரை வருடம் எந்தப் பெயருக்காகக் காத்திருந்தேனோ அது கடைசியில் அச்சில் வந்துவிட்டது. கள்ளத் தகவல் தந்தவள் என்று வந்தது. ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிந்தது; புதுப்பிக்கவில்லை. முனைவர் படிப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் கணவர் வேலையால் வந்தார். திருத்தத்தாளை வாசித்தார். குனிந்து, கட்டிலுக்குக் கீழே கிடந்த அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே வைத்தார்.

"தேடும்," என்றார்.

அட்டை கிடைத்தது. என் நீல மையில் அம்மா, நான், சிரிப்பு. மூன்றின் மேலும் பேராசிரியரின் சிவப்புக் கோடு. ஓரத்தில் அவருடைய கையெழுத்தில் 'சொந்தக் கதை வேண்டாம்'. அதைக் கடையில் கலரில் பிரதி எடுத்து, மதிப்புரை எழுதுகிற பெண்மணிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதம் ஒன்றும் வைக்கவில்லை. திருத்தத்தாளை மட்டும் கூட வைத்தேன்.

அறைப் பூட்டின் திறப்பைத் திருப்பிக் கொடுக்கப் போன கடைசி நாளில் பேராசிரியர் இருக்கவில்லை. கைப்பையில் கொண்டுபோயிருந்த அரிசியில் நாலு மணி எடுத்து அவருடைய மேசையில் வைத்துவிட்டு வந்தேன். எடுத்தவன் திருப்பிப் போட வேண்டும். இது அவருக்கு ஞாபகத்துக்கு.

ஆய்விதழ் அடுத்த இலையுதிர் காலத்தில் வந்தது. அந்தப் பெண்மணி வளவளவென்று எழுதவில்லை. அட்டையின் படத்தை முழுப் பக்கத்தில் போட்டு, இந்தப் புத்தகத்தில் நம்பக்கூடிய பகுதி சொல்லடைவு மட்டுமே என்று ஒரு வரி எழுதியிருந்தார். பிறகு நான் கேள்விப்பட்டேன்: பேராசிரியர் எந்தக் கூட்டத்தில் பேச எழும்பினாலும் மேசையில் யாரோ நாலு அரிசி வைத்துவிடுகிறார்களாம். சத்தியமாக நான் இல்லை. ஆனால் வைத்தவரின் கைக்கு ஒரு தங்க வளையல் போடலாம் என்று தோன்றியது.

நான் அதற்குப் பிறகு விமானநிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலைக்குப் போனேன். முனைவர் ஆகவில்லை. கந்தோர்ப் பெண்ணின் மேசையில் ஒரு புத்தகத்தையும் தூக்கிப் போடவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது, அதனால்தான் பரலோக மந்திரத்தின் அந்த வரியில் வாய் மூடிக்கொள்கிறது.

"அவன்ரை பெயரைப் போட்டு எழுதும். ஊர் அறியட்டும்," என்று கணவர் இப்போதும் சொல்வார்.

மாட்டேன். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. இதன் சொல்லடைவையும் நானேதான் செய்திருக்கிறேன். ஒருநாள் அவர் கையில் இது கிடைத்தால், பழக்கத்தில் பின்னாலிருந்துதான் திறப்பார். தமிழ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலை வைத்து மேலிருந்து கீழே தேடட்டும். அவருடைய பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை.